கடல் கடந்து வந்தோர் கற்ற பாடம்

நெடும்பயணம் புறப்படும் ஒரு குடும்பத்தின் மூட்டை முடிச்சுக்களை அவிழ்த்துப் பார்த்தால், அக்குடும்பம் எத்தகைய வாழ்வை எதிர்பார்த்துச் செல்கின்றது என்பதை ஒருவாறு அறிந்து கொள்ளலாம். குளிர்நாட்டுக்குப் போவோர் கம்பளி எடுத்துச் செல்வர். வணிகத்துக்குப் போவோர் சரக்கு ஏற்றிச் செல்வர். சமயத் தொண்டின் பொருட்டு, சுற்றத்தையும் பிறந்த மண்ணையும் பிரிந்து, மீண்டு வருவோம் என்னும் உறுதியும் இன்றிப் புறப்பட்டோர் எவற்றை எடுத்துச் சென்றனர்? அவற்றுள் எவை பயன்பட்டன? எவை பயன்படாமற் போயின? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு மட்டக்களப்புக் கரையின் இருநூறாண்டு வரலாறு நல்லதொரு பாடத்தைக் கற்பிக்கின்றது.

மட்டக்களப்பு நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில் கல்முனையை அடைவர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே வாவியும், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த நெல்வயல்களும். இடையே தென்னை செறிந்த ஒடுங்கிய மணல்நிலம். அந்நிலத்திலே கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையும், கல்முனையும், சாய்ந்தமருதும், நிந்தவூரும், ஒலுவிலும், அக்கரைப்பற்றும் முஸ்லிம் மக்கள் பெருகி வாழும் ஊர்கள். அவற்றோடு தோளுரசி நிற்கும் பாண்டிருப்பும் காரைதீவும் இந்துத் தமிழர் ஊர்கள். இரு சாராருக்கும் தாய்மொழி தமிழே. தாய்வழியாக வரும் குடிமுறையும் இரு சாராரிடத்தும் உண்டு. கண்டி மன்னன் செனரதன், போர்த்துக்கேயரால் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் நாலாயிரவரை 1626ஆம் ஆண்டளவில் இக்கரையிலே குடியேற்றினான் என்பது போர்த்துக்கேயப் பாதிரியார் கேய்றோஸ் எழுதிவைத்த செய்தி. இன்று அம்பாறை மாவட்டம் எனப்படும் இப்பகுதி 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் கூறாகவே இருந்தது. ஆதலால், இக்கரையின் கல்வி வரலாறும் மட்டக்களப்பு நகரிலிருந்தே தொடங்குகின்றது.

இனி, கடலின் அக்கரைக்குச் செல்வோம். 1813ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் வெஸ்லியன் மெதடிஸ்த சபையார் மாநாடு கூடினர். அம்மாநாட்டில் தோமஸ் கோக் என்னும் முதியவர் ஒரு விண்ணப்பத்தை முன்வைத்தார். அவர் 1747ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். அத்திலாந்திக் கடலைப் பதினெட்டு முறை கடந்தவர். அறுபத்தாறாவது வயதில், வீட்டிலே ஓய்ந்திருக்க வேண்டிய பருவத்தில், கீழைத்தேசத்துக்குப் போக விடைதாருங்கள் என்று அவர் மன்றாடினார். பொருட்செலவு பெரிது என்று சபையார் தயங்கியபோது, தம் சொந்தச் செல்வத்திலிருந்து ஆறாயிரம் பவுணைத் தருவதாக அவர் உறுதி கூறினார். இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனும் இத்தகைய தொண்டர்கள் இலங்கைக்கு வருவதை விரும்பியிருந்தார். ஈற்றில் மாநாடு இசைந்தது. இலங்கையை நோக்கிப் புறப்படுவதற்கு ஆறு இளம் போதகர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். வில்லியம் ஓல்ட், ஜேம்ஸ் லிஞ்ச், ஜோர்ஜ் ஏர்ஸ்கின், தோமஸ் ஸ்குவான்ஸ், பெஞ்சமின் கிளஃப், வில்லியம் ஹாவார்ட் என்போரே அவர்கள். இவர்களுள் ஓல்ட்டும் ஹாவார்ட்டும் மனைவியரோடு புறப்பட்டனர்.

இக்குழுவினரின் ஆயத்தம் குறைவானதென்று எவரும் கூற இயலாது. பொருளுக்குக் கோக் இருந்தார். தலைமைக்கும் அவரே இருந்தார். நூல்களை அச்சிட வேண்டும் என்னும் நோக்கத்தோடு ஓர் அச்சுப்பொறியும் கப்பலேறியது. அத்தொழில் அறிந்தவராக ஹாவார்ட் விளங்கினார். மொழியின்றித் தொண்டு நடவாது என்பதையும் அவர்கள் மறந்தாரல்லர். புறப்படுமுன்னரே மொழி கற்கத் தொடங்கினர். ஆனால், அவர்கள் கற்ற மொழி போர்த்துக்கேய மொழி.

இதனை அறியாமை என்று இகழ்தல் பொருந்தாது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இலங்கைக் கரையை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழி, அவர்களை வென்ற ஒல்லாந்தரின் காலத்திலும் துறைமுகங்களில் வழங்கி வந்தது. மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டிலே கைப்பற்றினர். 1795ஆம் ஆண்டில் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. ஆட்சிகள் மாறியும் பறங்கியர் வீடுகளிலே போர்த்துக்கேய மொழி அழியவில்லை. ஆகவே, ஐரோப்பாவில் இருந்துகொண்டு இலங்கையை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் துறைமுகத்தின் மொழியே நாட்டின் மொழியாகத் தோன்றியது. துறைமுகத்தைக் கடந்து வயற்கரைக்குப் போனால் அங்கே உழவன் பேசுவது தமிழ், மீனவன் பேசுவது தமிழ், பள்ளிவாசல் முன்றலில் பெரியவர்கள் வழக்குத் தீர்ப்பதும் தமிழிலே என்பதை அவர்களுக்கு உணர்த்தும் அனுபவம் இன்னும் வாய்க்கவில்லை.

1813ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் போட்ஸ்மத் துறையில் அவர்கள் கப்பலேறினர். கபல்வா என்னும் கப்பலிற் கோக்கும், ஹாவார்ட் தம்பதியரும், கிளஃபும் சென்றனர். லேடி மெல்வில் என்னும் கப்பலில் ஓல்ட் தம்பதியரும் ஏனையோரும் சென்றனர். அது நெப்போலியனோடு போர் நிகழ்ந்த காலம். கப்பல்கள் தனித்துச் செல்ல அஞ்சிப் போர்க்கப்பல்களின் காவலோடு கூட்டமாகச் சென்றன. சுயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு இன்னும் அரைநூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஆதலால், ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே இந்து சமுத்திரத்தை அடைய வேண்டும். பல மாதக் கடல்வாழ்வு உடல்நலம் குன்றியோர்க்கு எத்துணைக் கொடியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1814ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், கரையையே காணாத நடுக்கடலில், ஓல்ட்டின் மனைவி உயிர் நீத்தார். அவருடைய உடல் கடலுக்கே ஒப்படைக்கப்பட்டது. இருவராகப் புறப்பட்ட குடும்பம் வழியிலேயே ஒருவரைக் கொண்டதாயிற்று.

துன்பம் அவ்வளவோடு அமையவில்லை. கபல்வாக் கப்பலிலே நாள்தோறும் போர்த்துக்கேய மொழியைப் பயின்று வந்த கோக், மே மாதம் 3ஆம் திகதி காலையிலே தம் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அன்றைய தினமே அவர் உடலும் இந்து சமுத்திரத்தில் அடக்கம் பெற்றது. எல்லோருக்கும் மூத்தவர், வழிகாட்டி, பணப்பொறுப்பை ஏற்றவர் ஆகிய மூவரையும் அவ்விளைஞர் ஒரே காலையில் இழந்தனர். மே மாத இறுதிப் பகுதியில் பம்பாய்த் துறையில் இறங்கியபோது, செலவுக்குரிய பணத்தை யார் பெயரில் யாரிடம் பெறுவது என்பதே அவர்கள் முன் நின்ற முதல் வினா. அங்கிருந்த ஆங்கில வணிகர் ஒருவர் கோக்கின் நற்பெயரை நம்பிக் கடன் கொடுத்து உதவினார். ஹாவார்ட் தம்பதியர் சிலகாலம் பம்பாயிலே தங்கினர். ஏனைய ஐவரும் 1814ஆம் ஆண்டு யூன் மாதம் 29ஆம் திகதி காலித் துறையில் இறங்கினர்.

காலியிலே பிரித்தானிய அதிகாரிகள் அவர்களை அன்போடு வரவேற்றனர். தேசாதிபதி பிறவுண்றிக்கின் அரசாங்கத்துக்கு ஆங்கிலப் பள்ளிகள் வேண்டியிருந்தன. அவற்றை நடத்துவோர்க்கு உதவித்தொகை தர அது முன்வந்தது. கையிற் பொருளின்றி நின்றவர்களுக்கு இது பெருந்துணையாயிற்று. போதகராக வந்தவர்கள் ஆசிரியராயினர். ஐவரும் ஒன்றுகூடிப் பணியிடங்களைப் பகிர்ந்து கொண்டனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், ஏர்ஸ்கின் மாத்தறைக்கும் செல்வதென்றும், கிளஃப் காலியிலே தங்குவதென்றும் முடிவாயிற்று. மனைவியை இழந்த ஓல்ட்டுக்கு மட்டக்களப்பு கிடைத்தது. மற்ற எல்லா இடங்களினும் ஒதுங்கிக் கிடந்த இடம் அதுவே. அங்கே அவருக்குத் துணையாக மற்றொரு போதகர் இல்லை. வீட்டிலே ஆறுதல் கூற ஒருவரும் இல்லை.

தோணியேறி மட்டக்களப்பை அடைந்த வில்லியம் ஓல்ட், புளியந்தீவிலே தங்கிப் பணி தொடங்கினார். அவர் அங்கே வாழ்ந்தது ஏறக்குறைய எட்டுத் திங்கள் மாத்திரமே. 1815ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முதலாம் திகதி அவர் காலமானார். அந்த எட்டுத் திங்களில் தம் மொழி அறியாத மக்களிடையே மொழிபெயர்ப்பாளரின் துணைகொண்டு பேசினார், பள்ளிகளைத் தொடங்கினார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814ஆம் ஆண்டிலே காண்பதற்கு அவரே காரணர். மட்டக்களப்பு நகரிலே அவருக்குச் சிலையும் நாட்டப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் சற்றே நின்று கணக்குப் பார்த்தல் தகும். ஆயத்தமாகக் கொண்டுவந்த தலைமை கடலில் மறைந்தது. பணம் பம்பாயிற் சிக்கலாயிற்று. துணைவி வழியிலே பிரிந்தார். கற்றுவந்த மொழி பறங்கியர் வீடுகளுக்கு அப்பால் அதிகம் உதவவில்லை. எஞ்சியது, பிள்ளைகளை ஒன்றுகூட்டிக் கற்பிக்கும் பழக்கம் ஒன்றே. மூட்டையில் மிகச் சிறிய இடத்தைப் பிடித்திருந்த அதுவே ஊரில் வேரூன்றியது.

மற்றவர்களும் வந்த பின்னரே உண்மையான ஆயத்தத்தைத் தொடங்கினர் எனலாம். காலியிலே தங்கிய கிளஃப் உள்ளூர்ப் பெரியோரை அடுத்துச் சிங்களம் கற்றார். அவர் தொகுத்த ஆங்கில-சிங்கள அகராதி 1821ஆம் ஆண்டிலும், சிங்கள-ஆங்கில அகராதி 1830ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. யாழ்ப்பாணம் சென்ற ஸ்குவான்ஸ் தமிழ் கற்று, பின்னாளில் நாகப்பட்டினத்திலும் பணிபுரிந்தார். ஹாவார்ட் 1815ஆம் ஆண்டிலே கொழும்புக்கு வந்து, கடல் கடந்து வந்த அச்சுப்பொறியை அங்கே இயக்கினார். அவருடைய மனைவி எலிசபெத் கணவனோடு இந்நாட்டில் உழைத்து, உடல் நலிந்து தாயகம் மீண்டு, 1823ஆம் ஆண்டிலே மறைந்தார். மனைவியின் வரலாற்றைக் கணவனே நூலாக எழுதி 1825ஆம் ஆண்டில் வெளியிட்டார். சபைகளின் பதிவேடுகளிலே போதகரின் பெயரே பெரிதாக எழுதப்பட்டிருக்கும். மனைவியின் பெயர் பல வேளைகளிற் கணவனின் பெயருக்குள்ளே மறைந்து கிடக்கும். இப்பணியின் விலையை இருவரும் சமமாகவே செலுத்தினர் என்பதற்கு இவ்விரு குடும்பங்களும் சான்று.

மட்டக்களப்புக் கரை ஒருவருக்குக் கற்பித்தது எத்துணைத் தொலைவிற் பயன் தரும் என்பதற்கு றால்ப் ஸ்டொட் என்பவரின் வாழ்வு எடுத்துக்காட்டாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் காற்பகுதியில் இவர் மட்டக்களப்பிற் பணிபுரிந்தார். உள்நாட்டுக் காடுகளில் வாழ்ந்த வேடரிடத்தும் சென்றார். தமிழ் அவருக்கு நாள்தோறும் பேசிப் பழகிய மொழியாயிற்று. பின்னர் அவர் இங்கிலாந்துக்கு மீண்டார். அத்தோடு அவர் கதை முடிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால், 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் திகதி, ட்ரூறோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தென்னாபிரிக்காவின் நேற்றாலைச் சேர்ந்தது. அதில் வந்தோர் 342 பேர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த அவர்களுட் பலர் தமிழர். அவர்கள் மொழியைப் பேசக்கூடிய போதகர் ஒருவரைத் தேடியபோது, மட்டக்களப்பிலே தமிழ் பழகிய ஸ்டொட்டே கண்ணுக்குத் தோன்றினார். முதுமையின் வாயிலில் நின்ற அவர் 1862ஆம் ஆண்டிலே நேற்றாலுக்குச் சென்றார். அவருக்குப் பின் அவர் மகன் சைமன் ஹோர்ணர் ஸ்டொட் அப்பணியை ஏற்றார். கோக்கின் குழுவினர் புறப்படுமுன் தேடிய மொழி பயன்படவில்லை. ஸ்டொட் குடும்பத்துக்கோ, மட்டக்களப்பு மண்ணிலே மக்கள் வாயிலிருந்து கேட்டுப் பழகிய மொழியே மற்றொரு கடற்பயணத்துக்குரிய கட்டுச்சோறாயிற்று.

இதுகாறும் வந்தோரின் பக்கம் கண்டோம். வரவேற்க வேண்டியிருந்தோரின் பக்கத்தையும் காணுதல் நீதியாகும். மிசன் பள்ளியில் எழுத்தும் எண்ணும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு விவிலியமும் கற்பிக்கப்பட்டது. மகனுக்கு உத்தியோகம் தரும் கல்வி ஒரு கையில். அவனைத் தம் மார்க்கத்திலிருந்து பிரித்துவிடுமோ என்னும் அச்சம் மறு கையில். கல்முனைக் கரையின் முஸ்லிம் பெற்றோர் இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்து, பெரும்பாலும் பள்ளிக்கு அனுப்பாது விட்டனர். அவர்கள் கல்வியை வெறுத்தோரல்லர். ஓதப்பள்ளிகளிலே சிறுவர் குர்ஆன் கற்றனர். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இலங்கை முஸ்லிம்களிடையே பயின்று வந்தது. எனினும், அரசாங்க அலுவலகங்களின் கதவைத் திறந்த திறவுகோல் ஆங்கிலமாயிருந்தது. அத்திறவுகோல் பாதிரிமார் பள்ளியிலே இருந்தது. மார்க்கத்தைக் காத்துக்கொண்டமைக்கு முஸ்லிம் சமூகம் செலுத்திய விலை, பல தலைமுறைக் காலத்துப் பின்தங்கல். அவ்விலை சிறிதன்று. அதனைக் கேட்டது நியாயமா என்னும் வினாவை வந்தோருள் எத்துணைப் பேர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டனரோ!

இச்சிக்கலுக்கு விடை, அதனால் வருந்திய மக்களிடையே இருந்தே எழுந்தது. கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882ஆம் ஆண்டிலே 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கி, மார்க்கத்தை விடாமலே நவீன கல்வியைப் பெறலாம் என்று வற்புறுத்தினார். 1884ஆம் ஆண்டிலே கொழும்பில் முஸ்லிம் பாடசாலை ஒன்று தோன்ற அவர் முயற்சி வழிவகுத்தது. 1892ஆம் ஆண்டில் அங்கே ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. அவ்வலை மெல்ல மெல்லக் கிழக்குக் கரையையும் எட்டியது. 1941ஆம் ஆண்டிலே அட்டாளைச்சேனையில் முஸ்லிம் ஆசிரியர் கலாசாலை நிறுவப்பட்டது. 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்தது. 1949ஆம் ஆண்டிலே கல்முனை ஸாஹிறாக் கல்லூரி தோன்றியது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உதவி பெற்ற பாடசாலைகள் பல அரசாங்கத்தின் பொறுப்பாயின. 1995ஆம் ஆண்டிலே உயர்கல்வி நிறுவனம் ஒன்று அமைந்து, பின்னர் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

கல்முனையிலிருந்து நடந்தே செல்லக்கூடிய காரைதீவிலும் இதனை ஒத்த ஒரு வரலாறு உண்டு. 1892ஆம் ஆண்டு அங்கே பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிலே ஆங்கிலக் கல்வியைத் தொடங்கினான். பின்பு மட்டக்களப்புக் கத்தோலிக்கக் கல்லூரியாகிய அர்ச். மைக்கேலில் தொடர்ந்தான். இரு கிறித்தவப் பள்ளிகளிற் கற்ற அம்மாணவன் 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதனானான். 1920ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானான். 1922ஆம் ஆண்டிலே அவரும் ஒரு கடலைக் கடந்தார். பாக்குநீரிணைக்கு அப்பால் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து பயிற்சி பெற்று, 1924ஆம் ஆண்டிலே விபுலானந்தர் என்னும் பெயரோடு துறவியானார். அடுத்த ஆண்டிலே தாயகம் திரும்பி, கிழக்கிலும் வடக்கிலும் பள்ளிகளை வளர்த்தார். 1929ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஓல்ட் தொடங்கிய மரபிலே வந்த பள்ளி ஒன்று, மற்றொரு மிசனின் தொண்டரை உருவாக்கிற்று. பள்ளியை நிறுவினோர் இதனை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால், கல்வி ஒருமுறை ஊருக்குட் புகுந்துவிட்டால், கொடுத்தவர் வகுத்த பாதையிலேதான் அது செல்லும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

விபுலானந்தருடைய ஆயத்தத்தில் ஒரு வேறுபாடு தெளிவாகக் காணப்படுகின்றது. தாம் தொண்டு செய்யப்போகும் மக்களின் மொழி அவருக்குத் தாய்மொழி. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எது இல்லை என்பதை அவர் தம் இளமையிலேயே அறிந்தவர். வில்லியம் ஓல்ட்டோ அவற்றையெல்லாம் வந்து சேர்ந்த பின்னரே கற்க வேண்டியிருந்தது. கற்பதற்கு அவருக்குக் கிடைத்ததோ எட்டே திங்கள். அதனை எண்ணும்பொழுது, அவர் செய்து முடித்ததைக் குறைத்துப் பேச மனம் வராது; அவர் அறியாமற் போனதை மறைத்துப் பேசவும் மனம் வராது.

இன்று கல்முனையிலே வெஸ்லியின் பெயர் தாங்கிய பாடசாலையும், ஸாஹிறாவும், கார்மேல் பாத்திமாக் கல்லூரியும் ஒரே நகரத்தில் இயங்குகின்றன. காலைப்பொழுதில் வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் ஒரே வீதியில் வெவ்வேறு வாயில்களை நோக்கி நடக்கின்றனர். அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டு செல்லும் மொழி, போட்ஸ்மத் துறையிலே கப்பலேறியோர் எவரும் அறிந்திராத தமிழ்மொழியாகும்.